நால்வகை அரணும் தமிழகக் கோட்டைகளும்

கோட்டை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது கருங்கல் மதிலும் அதன்மீது நிறுத்திய பீரங்கியுமே. ஆயின், பழந்தமிழர் 'அரண்' என்று வழங்கிய பொருள் இதனினும் விரிந்தது. மதில் அதன் ஓர் உறுப்பேயன்றி அதுவே அரணாகாது. திருக்குறளின் 75ஆம் அதிகாரம் நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரண் என முன்னர் எண்ணி, அதன் பின்னரே உயரம், அகலம், திண்மை எனும் மதிலின் இயல்புகளுக்கு வருகின்றது. அடுத்து உள்ளிருப்போர்க்கு வேண்டும் உணவைப் பேசி, இறுதிக் குறளில், வினைத்திறம் இல்லாரிடத்து எத்தகைய அரணும் அரணன்று என முடிக்கின்றது. இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று என்பது என் துணிபு. நம் நாட்டுக் கோட்டைகளின் வரலாற்றை இந்நான்கு வகையோடு பொருத்திப் பார்ப்பின் இது விளங்கும்.

முதற்கண் சொற்களைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். எயில், இஞ்சி, புரிசை, நொச்சி என்பன மதிலைக் குறிப்பன. மிளை என்பது காவற்காடு. ஞாயில் என்பது மதிலின் உச்சியில் அம்பெய்வோர் மறைந்து நிற்கும் உறுப்பு. கிடங்கு என்பது அகழி. (இன்று மாணவரிடம் 'கிடங்கு' யாதெனின், சரக்கு அடுக்கும் இடம் என்றே விடை வரும். அதிலும் பிழையில்லை, அகழ்ந்த பள்ளத்துக்குரிய சொல்தான் பொருள் சேமிக்கும் இடத்திற்கும் வழங்கலாயிற்று.) சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், மதுரை மதில்மேல் இருந்த பொறிகள் வரிசையாகக் கூறப்படுகின்றன. தானே வளைந்து எய்யும் வில், கருங்குரங்கு வடிவில் கடிக்கும் பொறி, கல் உமிழும் கவண், கொதிக்கும் நெய் முதலியன அவற்றுட் சில. தொல்காப்பியர் முற்றுகைப் போரை உழிஞை என்னும் திணையாக்கி, அதனை மருதத்திற்குப் புறமாக வைத்தார். நெல் விளையும் நிலத்திலேதான் பேரூர்களும் அவற்றைச் சூழ்ந்த மதில்களும் எழுந்தன என்பதால் இது பொருந்துவதே. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, உள்ளிருந்து காப்போர்க்கென நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்தது. தாக்குவோனுக்கு ஒரு பூ, காப்போனுக்கு ஒரு பூ என்பது நம் இலக்கணத்தார் கண்ட நயம்.

மலையரணுக்குப் பழைய சான்று பாரியின் பறம்பு. மூவேந்தரும் அதனை முற்றியபோது, வாளால் அதனைக் கொள்ளல் அரிது என்று கபிலர் பாடினார். அதற்கு அவர் காட்டிய காரணம் மலையின் உயரம் மட்டுமன்று. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என உழாமலே கிடைக்கும் நான்கு உணவுகள் அம்மலையில் உண்டு என்பதே அவர் வாதம். ஆவூர் முற்றுகையின்போது கோவூர்கிழார் உள்ளிருந்த நெடுங்கிள்ளியிடம் கூறியது இதன் மறுபக்கம். யானைகள் நீரின்றி வருந்துகின்றன, குழவிகள் பாலின்றி அழுகின்றன. ஒன்று, அறத்தை எண்ணிக் கதவைத் திற. இன்றேல், மறத்தை எண்ணி வெளிவந்து பொருக என்றார் புலவர். மதில் நிற்கும்போதே அரண் தோற்றுவிடும் என்பதை இதனினும் தெளிவாக உரைக்க இயலாது.

பிற்காலத்தில் மலையரணின் முழுவடிவைச் செஞ்சியில் காண்கின்றோம். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் ஒரு பெருமதில் இணைத்து முக்கோணமாக நிற்கின்றது. இராசகிரியின் உச்சியை அணுகும் இடத்தே இயற்கையான ஆழ்ந்த பிளவொன்று உண்டு. அதன் குறுக்கே இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மேலே இருப்போரை நெருங்க வழியில்லை. உள்ளே களஞ்சியங்கள், குளங்கள், மலைமேற் சுனைகள் உள. மராத்தியர் தலைவர் இராசாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையிட்டார். கோட்டை வீழ்ந்தது 1698இல்! அதற்கு முன்னரே இராசாராம் தப்பிவிட்டார். முற்றியவரே வேண்டுமென்று நாளை நீட்டித்தார் என்ற ஐயமும் அக்காலத்திலேயே எழுந்தது.

இதே செஞ்சியை 1750ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுப் படை புஸ்ஸியின் முனைப்பால் ஒரே இரவில் கைப்பற்றியது. மலையும் மதிலும் அவையே, சுனையும் வற்றிவிடவில்லை. முன்னர் எட்டாண்டு நின்றது, பின்னர் எட்டு நாழிகைகூட நிலைபெறவில்லை எனலாம். வாயிலைப் பிளக்கும் வெடிமருந்து ஒரு காரணம்; உள்ளிருந்தோர் மனம் தளர்ந்திருந்தமை மற்றொன்று. இரண்டனுள் பின்னதே பெரிது என்பேன். வள்ளுவர் இறுதிக் குறளை அவ்வாறு வைத்ததன் பொருள் இங்கே புலனாகின்றது. செஞ்சியின் மதிலுக்குள் கோயில்களும், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெயரால் விளங்கும் பள்ளிவாசலும் இன்றும் உள்ளன. 2025ஆம் ஆண்டில் மராத்தியர் போர்க்கோட்டைகள் பன்னிரண்டும் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டபோது, அவற்றுள் மகாராட்டிரத்திற்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி.

நீரரணுக்கு வேலூர் தக்க சான்று. கருங்கல் மதிலைச் சுற்றி அகன்ற அகழி. அதனுள் முதலைகள் விடப்பட்டிருந்தன என்பர். ஆனால், 1806 சூலை 10 அன்று நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சியில் பகை வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயே எழுந்தது. கோட்டையைக் கைப்பற்றிய சிப்பாய்களுக்கும் அவ்வகழி உதவவில்லை. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி, வாயிலைப் பீரங்கியால் தகர்த்து அன்று காலையிலேயே உட்புகுந்தார். அகழியைக் கடக்கும் வழி காப்பாரின்றி இருப்பின் அகழி இருந்தும் பயனென்ன?

காட்டரணைப் பலரும் இலக்கிய வழக்கு என்றே கருதுவர். 1801இல் மருது சகோதரர்கள் காளையார்கோவிலைச் சூழ்ந்த அடர்காட்டையே அரணாகக் கொண்டனர். ஆங்கிலேயர் சிறுவயலிலிருந்து மரங்களை வெட்டிப் பாதை அமைக்க முயன்று, ஒரு மாத அளவு உழைத்தும் பயனின்றிக் கைவிட்டனர். பின்னர் வேறு வழிகளில் புகுந்தே அக்டோபர் முதல் நாளில் அதனைக் கைப்பற்றினர். சங்கப் புலவர் கூறிய மிளை, பீரங்கிக் காலத்திலும் ஒரு படையை ஒரு மாதம் நிறுத்தியது என்பது வியப்பன்றோ!

எஞ்சியது நிலவரண். உரையாசிரியர் இதனை மதிற்புறத்தே நீரும் நிழலுமற்ற வெற்றுநிலம் என்பர். வருவோன் ஒதுங்க இடமில்லாமையே அதன் வலிமை. கரிசல் வெளியில் மண்ணால் எழுந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இதனோடு எண்ணிப் பார்க்கலாம். சிறையினின்று மீண்ட ஊமைத்துரை, இடிக்கப்பட்டுக் கிடந்த அக்கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினார். 1801 மார்ச் 31 அன்று தாக்கிய ஆங்கிலப் படை பெரும் இழப்புடன் பின்வாங்கிற்று. மே 24இல்தான் கோட்டை வீழ்ந்தது. கல்மதில் குண்டு பட்டால் சிதறும். தடித்த மண்மதிலோ குண்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். எளியோர் கைக்கு எட்டிய பொருள் மண்ணே என்பதும் நினைக்கத்தக்கது.

கடற்கரைக் கோட்டைகள் தனி இனம். பழவேற்காட்டில் டச்சுக்காரரும், தரங்கம்பாடியில் 1620இல் டேனியரும், சென்னையில் ஆங்கிலேயரும் எழுப்பியவை, கப்பல் வழியே உணவும் துணையும் பெறும் துணிவில் எழுந்தவை. அவற்றின் கொத்தளங்கள் கோணமாக நீண்டமைந்தது, மதிலடியை நெருங்குவோரைப் பக்கவாட்டில் சுடுவதற்கு. அவற்றை விரிப்பின் இக்கட்டுரை மிக நீளும்.

கல்கோட்டைகள் ஒருவாறு காக்கப்படுகின்றன. மண்கோட்டைகளும் நகர மதில்களும் பெயரளவிலேயே எஞ்சியுள்ளன. மதுரையின் மதில் 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. வெளிவீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அவ்விடத்தே எழுந்தன. தஞ்சையில் 'அலங்கம்' என்ற தெருப்பெயர்கள் உள. அச்சொல் கொத்தளத்தைக் குறிப்பது என்பதை அங்கு வாழ்வோருள் எத்தனை பேர் அறிவர்? கோயம்புத்தூரிலும் பிற ஊர்களிலும் கோட்டைமேடுகள் உள. நம் துறை மாணவர் தத்தம் ஊரில் கோட்டைமேடு, அகழித் தெரு, கோட்டைவாசல் போன்ற பெயர்கள் இருப்பின், அவ்விடம் சென்று மேட்டின் நீள அகலத்தை அளந்து, முதியோர் கூறுவதைக் கேட்டு எழுதிவருதல் வேண்டும். மழைக்காலத்திற்கு முன் செல்வது நன்று. செடி மூடிவிட்டால் மண்மதிலுக்கும் வயல்வரப்புக்கும் வேறுபாடு தெரியாது.