பூ மாறும், நார் மாறாது

எய்ட்ஸ் உண்டாக்கும் ஹெச்.ஐ.வி. வைரஸ் ஒரு மோசமான டைப்பிஸ்ட். தன் ஜீன் வரிசையைப் பிரதி எடுத்தால் சரிபார்க்கிற வழக்கமே கிடையாது. சிகிச்சை எடுக்காதவர் உடம்பில் தினம் சுமார் 1,000 கோடி வைரஸ் பிறக்கிறது. எத்தனை எழுத்துப்பிழை இருக்கும், யோசியுங்கள். பெரும்பாலான பிழைகள் உதவாக்கரை. ஒன்றிரண்டு மட்டும் மாத்திரைக்குப் 'பெப்பே' காட்டித் தப்பித்துக்கொள்ளும். அப்புறம் அதன் வம்சம்தான்! (மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடாதீர்கள் என்று டாக்டர்கள் கத்துவது இதனால்தான். ரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருக்கும்போதுதான் வைரஸுக்கு இந்த டியூஷன் நடக்கிறது.)

முதல் மருந்து ஏ.இஸட்.டி. அது ஹெச்.ஐ.வி.யை அடக்கும் என்று 1985-ல் சோதனைச்சாலையில் கண்டவர்களில் ஒருவர் ஹிரோவாகி மிட்சுயா என்ற ஜப்பானிய டாக்டர். 1987-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1989-லேயே அதற்குப் படியாத வைரஸ் வந்தாச்சு.

1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் மூன்றுக்கும் டிமிக்கி கொடுப்பது வைரஸுக்குக் கஷ்டம். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் அதற்கு முன்பே ஒவ்வொரு மருந்தாகச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் பாவம். அவர்கள் உடம்பிலிருந்த வைரஸ் ஒவ்வொன்றாகப் பாடம் படித்து டிகிரியே வாங்கியிருந்தது. புது மாத்திரை வருமா, அதுவரை நாம் இருப்போமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

கல்கத்தாவிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்துவிட்டு அமெரிக்கா போன கெமிஸ்ட்ரிக்காரர் அருண் கோஷ் இங்கேதான் வருகிறார். வைரஸிடம் புரோட்டியேஸ் என்று ஒரு கத்தரிக்கோல் உண்டு. நீளமான புரோட்டீனைத் துண்டு துண்டாக வெட்டித் தந்தால்தான் புது வைரஸ் உருப்படும். கத்தரிக்கோலுக்குள் மருந்தைச் செருகிவிட்டால் வெட்ட முடியாது. 1995 முதலே இந்த ரக மருந்துகள் இருந்தன. வைரஸ் அவற்றையும் ஏமாற்றியது.

எப்படி? கத்தரிக்கோலும் ஒரு புரோட்டீன்தான். பூமாலை மாதிரி: நடுவில் நார், அதில் விதவிதமான பூ. எழுத்துப்பிழை வந்தால் பூ மாறும். பழைய மருந்துகள் பெரும்பாலும் பூவைப் பிடித்துத் தொங்கின. மல்லி இருந்த இடத்தில் கனகாம்பரம் வந்ததும் பிடி விட்டுப் போச்சு. கோஷ் நாரையே இறுகப் பிடிக்கிற மாதிரி மருந்தை வடிவமைத்தார். நாரைக் கோணலாக்கினால் கத்தரிக்கோல் வெட்டாது. வைரஸுக்குத் தர்மசங்கடம்!

டிகிரி வாங்கிய வைரஸ்கள் மேல் இதைப் பரீட்சித்துப் பார்த்தவர் யார் தெரியுமா? அதே மிட்சுயா. 2003-ல் முடிவுகள் வெளியாயின. 2006 ஜூனில் டாருனாவிர் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது, மற்ற மருந்துகள் கைவிட்டவர்களுக்காக. பெயருக்குள் அருண் ஒளிந்திருப்பது தற்செயல் அல்ல.

டாருனாவிரையும் வைரஸ் வெல்ல முடியும். ஆனால் ஒரு பிழை போதாது, பல பிழைகள் ஒன்றுசேர வேண்டும். அப்படியும் தப்பியவைகளுக்காக 2022-ல் லெனகாபவிர் வந்திருக்கிறது. இது கத்தரிக்கோல் பக்கமே போவதில்லை, வைரஸின் ஜீன்களைப் பொதிந்திருக்கும் கூட்டைத் தாக்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி. கூடவே மற்ற மாத்திரைகளும் உண்டு, அவற்றைத் தினம் மறக்காமல் போட்டாக வேண்டும்.