கள்ளச்சாவிக் காலம்

திண்டுக்கல் என்றதும் பூட்டை நினைப்பது தமிழ்நாட்டாருக்குப் பழகிப்போன ஒன்று. நாகல் நகரிலும் நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி முதலிய சுற்றுப்புற ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்யப்பட்டு வரும் இந்தப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டுகள் மலிவாக வந்து குவிவதால் பட்டறைக்காரர்களின் பாடு திண்டாட்டமாகவே இருக்கிறது. அந்தக் கஷ்டம் தனியே எழுதவேண்டிய விஷயம். மாங்காய்ப் பூட்டுச் செய்யும் தொழிலாளிக்குக் கைவந்த ஓர் உண்மை, நம் அந்தரங்கங்களைக் கோடிக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் பெரிய ஸ்தாபனங்களுக்கு இன்னும் மனத்தில் பதியவில்லை என்பதையே இங்கே சொல்லப் புகுந்தேன்.

லீவர் வைத்த பூட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மாயம் எதுவும் இராது. மெல்லிய தகடுகளான லீவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு சிறு வில்லின் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும். சாவியின் பற்கள் அவற்றை அததற்குரிய உயரத்துக்கு, மயிரிழை கூடாமலும் குறையாமலும் தூக்கினால்தான் தாழ் நகர வழி பிறக்கும். சாவியை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, பூட்டில் நுழைத்துத் திருகி, எங்கே தட்டுகிறதென்று விரலாலேயே உணர்ந்து, மறுபடி எடுத்து அராவித்தான் தொழிலாளி இந்த இசைவைக் கொண்டுவருகிறார். அமைப்பு ஊரறிந்ததுதான், அதனால் பூட்டுக்குப் பாதகமில்லை, காக்கவேண்டியது சாவி ஒன்றே. ராணுவத்தின் ரகசிய எழுத்தைப் பற்றி 1883-இல் ஆராய்ந்த கெர்க்காஃப்ஸ் என்ற டச்சு அறிஞர் வகுத்த விதியும் இதுவேயாம். இன்றைய இணையப் பாதுகாப்புச் சாஸ்திரத்தின் அஸ்திவாரங்களில் அது ஒன்று.

லண்டனில் மகா பொருட்காட்சி நடந்த 1851-இல், ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், எவராலும் திறக்க முடியாதவை என்று பிரசித்தி பெற்றிருந்த சப் பூட்டையும் பிராமா பூட்டையும் சாவியில்லாமலே திறந்து காட்டினார். பூட்டின் குறையைப் பகிரங்கமாகப் பேசினால் திருடனுக்கு உபகாரம் செய்ததாகாதா என்ற கேள்வி எழுந்தபோது, திருடன் அதை முன்னமே அறிவான், அறியாதவன் வீட்டுக்காரன்தான் என்பது அவர் தரப்பு வாதமாக இருந்தது.

2024 செப்டம்பரில் நம் ஊர்ப்பக்கமே நடந்த சம்பவத்துக்கு இந்த வாதம் அப்படியே பொருந்துகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், நோய் விவரம், பரிசோதனை முடிவு ஆகியவை டெலிகிராம் செயலியில், கேட்டவருக்கெல்லாம் தானே எடுத்துக் கொடுக்கும் ‘சாட்பாட்’டுகளின் வழியே கிடைப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி ஸ்தாபனம் வெளியிட்டது. மூன்று கோடிக்கு மேற்பட்டோரின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் கூறிக்கொண்டார். பரவலான பாதிப்பு இல்லை என்பதே ஆரம்ப மதிப்பீடு என்று முதலில் கூறிய நிறுவனம், பின்னர் தான் இணையத் தாக்குதலுக்கு இலக்கானதை ஒப்புக்கொண்டு, சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடித் தடையுத்தரவு பெற்றது. இரும்புப் பூட்டு உடைந்தால் கதவில் மற்றொன்றை மாட்டிவிடலாம். கடவுச்சொல் களவு போனால்கூட அன்றைக்கே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒருவருடைய சர்க்கரை நோயையோ, மறைத்து வைத்திருந்த அறுவை சிகிச்சையையோ உலகம் அறிந்துவிட்டால், அதை மாற்றிக்கொடுக்க எந்தப் பட்டறையும் இல்லை.

சட்டம் என்ன செய்கிறது? 2023-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அதன் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்பில் அசட்டையாக இருந்த நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதும், கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்தே தீரவேண்டும் என்பதும் வரவேற்கத்தக்கவை. ஆனால் அந்த அபராதம் முழுவதும் அரசாங்கத்தின் தொகுப்பு நிதியைத்தான் சேரும். விவரத்தைப் பறிகொடுத்தவர் நஷ்டஈடு கேட்பதற்குப் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்கிவிடுகிறது.

நம் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. தங்கும் விடுதியிலும் சிம் கார்டுக் கடையிலும் ஆதார் நகல் கேட்டவுடன் நீட்டிவிடாமல், எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்பதும், இயன்ற இடங்களிலெல்லாம் ஆதார் ஆணையமே தருகிற, முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த ஆதாரைக் கொடுப்பதும் அவற்றில் அடங்கும். ஆனால் பிரஜையின் ஜாக்கிரதை எவ்வளவு இருந்தாலும், சாவியை வாங்கி வைத்துக்கொண்டவரின் பொறுப்பை அது ஏற்க முடியாது. களவு போனது ஒருவருடைய பொருள், நஷ்டஈடு மற்றொருவருக்கு என்பது எந்த நியாயத்திலும் சேராது. ஆகவே அபராதத்தில் ஒரு பங்காவது பாதிக்கப்பட்டவர் கைக்கு வரும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும். அதை நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது நம் கடமை.