மறைத்ததைக் காட்டிக்கொடுக்கும் மொத்தம்!

டி.பி.எம்.எஸ். பாடத்தில் கிராண்ட், ரிவோக் என்று இரண்டு கட்டளைகள் படித்திருப்போம். ஒரு டேபிளை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று சொல்வதற்கானவை. பரீட்சைக்கு அது போதும். ஆனால் கம்பெனிகள் தங்கள் விற்பனைக் கணக்கை அலசிப் பார்க்க வைத்திருக்கும் 'கியூப்' பக்கம் போனால், பூட்டுப் போட்ட பிறகும் கதவு திறந்தே கிடக்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

கியூப் என்றால் என்ன?

எந்த ஊரில், எந்தப் பொருள், எந்த மாதத்தில், எவ்வளவு விற்றது? இதில் ஊர், பொருள், மாதம் ஆகியவை டைமென்ஷன்கள். 'எவ்வளவு' என்ற எண்தான் மெஷர். டைமென்ஷனுக்குள் இருக்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு மெம்பர். மெம்பர்கள் படிப்படியாக இருக்கும்: நாடு, அதற்குள் மாநிலம், அதற்குள் நகரம். மேல்படியில் இருக்கும் எண், கீழ்ப்படி எண்களின் கூட்டுத்தொகை. பல கூட்டுத்தொகைகளை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுவதால் பதில் சட்டென்று வந்துவிடும்.

1970-ல் ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு அடித்தளம் போட்ட இ.எஃப். காட் அவர்கள்தான், 1993-ல் இந்த வகை வேலைக்கு 'ஓலாப்' (ஆன்லைன் அனலிட்டிக்கல் பிராசஸிங்) என்ற பெயரைப் பரப்பினார்.

எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கக் கூடாதல்லவா? அதற்காக 'ரோல்' என்று ஒன்று அமைப்பார்கள். இந்த ரோலில் இருப்பவருக்கு இந்த மெம்பர்கள் தெரியும், இவை தெரியாது என்று எழுதி வைப்பார்கள். மறைக்கப்பட்ட மெம்பர் அவரைப் பொறுத்தவரை கியூபில் இல்லவே இல்லை.

ஒரு கழித்தல் கணக்கு

மைக்ரோசாஃப்ட் பயிற்சிக்காகக் கொடுத்த 'ஃபுட்மார்ட்' என்ற கற்பனைக் கடைத்தொடரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1997-ம் ஆண்டுக்குக் கலிபோர்னியா மாநிலத்தில் விற்ற உருப்படிகள் மொத்தம் 74,748. நகரவாரியாக: லாஸ் ஏஞ்சல்ஸ் 25,663, சான் டியாகோ 25,635, பெவர்லி ஹில்ஸ் 21,333, சான் பிரான்சிஸ்கோ 2,117.

'மாண்ட்ரியன்' என்ற ஓலாப் மென்பொருளின் விளக்கத்தில் இதே ஃபுட்மார்ட்டை வைத்து ஓர் உதாரணம் உண்டு. கலிபோர்னியா மேனேஜர் என்று ஒரு ரோல். கலிபோர்னியா முழுதும் அவருக்குத் தெரியும், லாஸ் ஏஞ்சல்ஸ் மட்டும் தெரியாது. சரி, பூட்டியாகிவிட்டது. இப்போது அவர் திரையைப் பாருங்கள். மூன்று நகரங்கள் தெரிகின்றன, கூட்டினால் 49,085. மேலே கலிபோர்னியா மொத்தம் 74,748 என்று நிற்கிறது. கழித்தால்? 25,663! எதை மறைத்தோமோ அதுவே கையில் வந்து விழுகிறது. கம்ப்யூட்டர் அறிவுகூட வேண்டாம், மூன்றாம் வகுப்புக் கழித்தல் போதும்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரியில் மூட்டை இறக்குகிறவர். "அப்படி என்னதான்டா படிக்கிறே?" என்று ஒரு நாள் கேட்டார். இந்தக் கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "லோடுக்கு மொத்தக் கூலி எவ்வளவுன்னு டிரைவர் சொல்லிடுவாரு. நாங்க ஆறு பேரு வாங்கினதைக் கூட்டிக் கழிச்சா, நடுவுல நிக்கிறவரு எவ்வளவு எடுத்தாருன்னு தெரிஞ்சிடும். இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு?" என்றார்.

அப்பா சொன்ன இடத்தில் கழித்தல் நியாயத்தின் பக்கம் நின்றது. அதே கழித்தல் ஒரு தொழிலாளியின் சம்பளத்தையோ, ஒரு நோயாளியின் விவரத்தையோ, நம்மில் ஒருவன் மார்க்கையோ வெளியே இழுத்துப் போட்டால்? லேப் பேட்சில் ஆறு பேர் என்று வையுங்கள். பேட்ச் மொத்தத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, "தனி மார்க் யாருக்கும் தெரியாது" என்று சொன்னால் நம்பலாமா? ஐந்து பேர் சொல்லிக்கொண்டாலே ஆறாவது ஆளின் மார்க் அம்பலம். பாவம், அவன் வாயே திறக்கவில்லை!

இது இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. மொத்தங்களை மட்டும் தரும் டேட்டாபேஸிலிருந்து, அனுமதித்த கேள்விகளையே கூட்டிக் கழித்துத் தனி ஒருவரின் விவரத்தை எடுத்துவிடலாம் என்று டாரத்தி டென்னிங், பீட்டர் டென்னிங், மேயர் ஷ்வார்ட்ஸ் ஆகிய மூவரும் 1979-லேயே எழுதிவிட்டார்கள்.

என்ன செய்யலாம்?

மாண்ட்ரியனில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, மொத்தத்தை அப்படியே காட்டுவது. நாமாகச் சொல்லாவிட்டால் அது இதைத்தான் செய்யும். இரண்டு, கண்ணுக்குத் தெரியும் நகரங்களை மட்டும் கூட்டி 49,085 என்று காட்டுவது. மூன்று, ஏதாவது ஒரு நகரம் மறைந்திருந்தால் மொத்தத்தையே மறைத்துவிடுவது.

மைக்ரோசாஃப்டின் அனாலிசிஸ் சர்வீசஸில் இரண்டாவது வழிக்கு 'விஷுவல் டோட்டல்ஸ்' என்று பெயர். நாம் போய் டிக் செய்தால்தான் அது வேலை செய்யும். சும்மா கிடைக்காது, விலையும் உண்டு. முன்கூட்டியே போட்டு வைத்த மொத்தம் உதவாமல் போய், கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கூட்ட வேண்டியிருக்கலாம்; வேகம் குறையும். இன்னொன்று, 'கலிபோர்னியா' என்ற பெயருக்கு நேரே நிற்கும் 49,085 உண்மையான கலிபோர்னியா அல்ல. மேனேஜர் அதை முழுக் கணக்கென்று நம்பித் திட்டம் போட்டால் வம்பு. ஆகவே 'உங்களுக்கு அனுமதித்த நகரங்களின் மொத்தம்' என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். முழு மொத்தம் வேறொரு ரிப்போர்ட்டில் அச்சாகி அவர் மேஜைக்கு வந்தால் பழைய கழித்தல் மறுபடி உயிர் பெறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கவனிக்க இன்னும் மூன்று

முதலாவது, எஸ்.க்யூ.எல். சர்வர் டேபிளில் ஒரு ரோல் கிராண்ட் கொடுத்து இன்னொரு ரோல் டினை செய்தால், டினைதான் ஜெயிக்கும். அனாலிசிஸ் சர்வீசஸ் கியூபில் அப்படியில்லை. அங்கே ரோல்கள் ஒன்றோடொன்று கூடும். ஒரு ரோல் லாஸ் ஏஞ்சல்ஸை மறைத்து, அதே ஆளின் இன்னொரு ரோல் எல்லாவற்றையும் காட்டினால், லாஸ் ஏஞ்சல்ஸ் தெரியும்!

இரண்டாவது, 'இவற்றை மட்டும் மறை' என்று பட்டியல் கொடுத்தால், நாளை புதிதாகச் சேரும் நகரம் தானாகவே தெரிய ஆரம்பிக்கும். 'இவற்றை மட்டும் காட்டு' என்று கொடுத்தால் புதியது மறைந்தே இருக்கும். ரகசியம் முக்கியமென்றால் இரண்டாவதே நல்லது.

மூன்றாவது, சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டரை எந்த ரோலும் தடுக்காது. நாம் அட்மினாக லாகின் செய்து "எல்லாம் தெரியுதே!" என்று குழம்ப வேண்டாம். அந்த ரோலில் இருக்கும் சாதாரண யூசராக நுழைந்துதான் சோதிக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, நாளை வேலைக்குப் போய் "இதை மறைச்சிடு தம்பி" என்று யாராவது சொன்னால், மறைத்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த யூசரின் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பேப்பரும் பேனாவும் எடுத்து, திரையில் தெரியும் எண்களை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள். விடை வந்துவிட்டால், பூட்டு இன்னும் பூட்டப்படவில்லை என்று அர்த்தம்!

- இறுதியாண்டு மாணவன், கணிப்பொறித் துறை