பஞ்சாங்கம் காட்டிய பழுது

நம் சங்கத்துக் குடும்பங்களில் மோட்டார் வண்டியை நம்பிப் பிழைப்பவர் பலர். சொந்தமாக வண்டி வைத்திருப்போரைவிட, பிறர் வண்டியை ஓட்டியும் பழுது பார்த்தும் அடுப்பெரிப்பவரே மிகுதி. ஆகையால், மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நான் மோட்டார் மின்சாரத்தைப் பற்றி எழுதத் துணிந்ததை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற கார்த்திகை மாதத்தில் என் மனைவியின் தம்பிக்கு நேர்ந்த சங்கடமே இதை எழுதச் செய்தது.

அவன் மட்டாஞ்சேரியில் ஒரு வியாபாரி வீட்டில் டிரைவராக இருக்கிறான். முதலாளியிடம் பந்தயக் கார் சாயலில் ஒரு வண்டி இருக்கிறது. இரண்டே கதவுகள், தரையோடு தரையாகப் படிந்த உடல். திடீரென்று ஒரு நாள் காலையில் அதன் முகப்புப் பலகையில் நான்கைந்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்தன. பிரேக் விளக்கு, சறுக்கல் தடுக்கும் விளக்கு, இன்னும் என்னென்னவோ! அரை மணி ஓடியபின் எல்லாம் தாமாகவே அணைந்தன. பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி பரம சாதுவாக நின்றது. முதலில் பாட்டரியை மாற்றினார்கள். பிறகு விலையுயர்ந்த கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றையும் மாற்றினார்கள். மறு வாரமே பழைய கதை. “தண்ணீரில் வண்டியை விட்டுக் கெடுத்தவன் நீதான், சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன்” என்று முதலாளி சொல்லிவிட்டார். பெட்டியின் விலையோ அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். “அத்தான், ஊருக்கே திரும்பிவிடலாமென்று இருக்கிறேன்” என்று இரவு ஒன்பது மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தான்.

வந்து வந்து மறையும் பழுது ரயில்வேக்காரனுக்குப் புதிதன்று. தண்டவாளத்தில் சிறிய மின்னோட்டத்தை விட்டு, வண்டி அங்கே நிற்கிறதா இல்லையா என்று அறியும் முறை ஒன்றுண்டு. 1872-ல் வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் கண்டது அது. பெருமழையில் சரளைக் கற்கள் ஊறினால் மின்னோட்டம் அவற்றின் வழியே கசியும், ரிலே விழும், வண்டியே இல்லாத பாதைக்கும் சிக்னல் சிவப்பைக் காட்டும். வெயில் வந்ததும் சரியாகிவிடும். ஆகவே நிலையங்களில் பழுதுக்கென்று ஒரு பதிவேடு உண்டு. பழுதான நேரம், சரியான நேரம் இரண்டையும் அதில் குறித்தே ஆகவேண்டும்.

“மாப்பிள்ளை, நாளை முதல் ஒரு நோட்டுப் போடு. விளக்கு எரிந்தால் மட்டுமல்ல, எரியாத நாளையும் எழுது” என்றேன். தேதி, மணி, இடம், போன வழி, மழை உண்டா இல்லையா, ஏ.சி. ஓடியதா, எத்தனை நிமிஷத்தில் அணைந்தது எனக் கட்டங்கள் போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரங்கள் எழுதினான். வேடிக்கை என்னவென்றால், மழை பெய்த இரண்டு நாட்களில் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை; மழையே இல்லாத காலைகளில் தகராறு செய்திருந்தது. தினசரிக் காலண்டரை எடுத்து ஒப்பிட்டேன். பழுதான நாட்கள் அனைத்தும் அமாவாசையை ஒட்டியோ பௌர்ணமியை ஒட்டியோ இருந்தன.

இங்கே வசிப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மேலைக் கொச்சியின் தாழ்ந்த தெருக்களில் கடலோதம் ஏறி வாசலுக்கே வரும். ‘வேலியேற்றம்’ என்று மலையாளிகள் சொல்லும் இது, நம் கார்த்திகையாகிய விருச்சிகத்தில் கடுமை. வண்டி நிற்கும் சந்திலும் இதே நிலைதான், வேறு வழியில்லை. மழைநீர் போலன்று, இது உப்புநீர். மின்சாரம் இதில் எளிதாகப் பாயும்.

இனி வண்டியின் உள்ளே செல்வோம். இக்காலத்துக் கார்களில் பல சிறு கம்ப்யூட்டர்கள் முறுக்கிய இரண்டு ஒயர்களின் வழியே ஒன்றோடொன்று பேசுகின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட ‘கேன்’ என்னும் ஏற்பாடு இது. ஓர் இடத்துச் செய்தி தவறினால் பல இடங்களில் விளக்கெரியும். ஆகவே ஐந்து விளக்கைக் கண்டு ஐந்து பழுது என்று எண்ணலாகாது. ஐந்துக்கும் பொதுவானது எது என்று தேடவேண்டும்.

ஞாயிறன்று மல்டிமீட்டரோடு உட்கார்ந்தோம். நின்ற வண்டியில் பாட்டரி 12.6 வோல்ட், இஞ்சின் ஓடுகையில் 14.2, குறையில்லை. அடுத்து எர்த். விளக்குகளையும் விசிறியையும் போட்டுவிட்டு, பாட்டரியின் நெகடிவ் முனைக்கும் இஞ்சினுக்கும் இடையே வோல்ட் அளக்கவேண்டும். 0.2-க்கு மேற்பட்டால் இணைப்பு கெட்டிருக்கிறது என்று பொருள். எர்த் ஒயரைக் கழற்றி ஓம் கணக்கு மட்டும் பார்ப்பது போதாது. பத்து இழையில் ஒன்பது அறுந்தாலும் மீட்டர் ‘நலம்’ என்றே சொல்லும். ஆள் நடக்கும் மரப்பாலத்தில் பாரவண்டி போகுமா என்ன? எங்களுக்குக் கிடைத்தது 0.08. பாட்டரியைக் கழற்றிவிட்டு அந்த முறுக்கு ஒயர்களுக்கிடையே அளந்தோம். இரு முனைகளிலும் 120 ஓம் வைத்திருப்பதால் 60 காட்டவேண்டும், காட்டியது.

பிறகு பட்டறையின் ஸ்கேனர் சீட்டை எடுத்துப் படித்தோம். ஒன்பது பிழைக் குறிகளில் ஒன்று முன்பக்க இடச் சக்கரத்தின் வேகமானியைச் சுட்டியது; ஏனைய பலவும் அதன் சுற்றத்தார். இத்தகைய வேகமானி பெரும்பாலும் 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று மாறி மாறி மின்னோட்டம் விட்டுத்தான் சக்கரத்தின் சுழற்சியைத் தெரிவிக்கும். இடையில் உப்புநீர் சில மில்லி ஆம்பியரைக் கசியவிட்டால் கணக்கு தப்பிவிடும். கம்ப்யூட்டர் அந்தச் செய்தியை நம்பாமல் துணைக் காரியங்களை நிறுத்திவிட்டு விளக்கைப் போடும். எங்கள் சிக்னல் சிவப்புக்கு விழுவதும் இதே நியாயந்தான்.

சக்கரத்தின் உள் மறைப்பைக் கழற்றினோம். கப்ளரின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. உள்ளே பச்சைக் களிம்பு. ஆனாலும் கண்ணால் கண்டதோடு விடவில்லை. உப்புக் கரைத்த நீரை அதன்மேல் தெளித்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டச் செய்தேன். கோடிவரை கூடப் போகவில்லை, விளக்குகள் எரிந்தன! பழுதை நாமே வரவழைத்துப் பார்க்கும்வரை கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று எங்கள் சிக்னல் பிரிவு நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார்.

கப்ளரும் இரண்டு முழ ஒயரும் மாற்றியதற்கு ஆன செலவு ஆயிரத்துக்குள் அடங்கிற்று. வீட்டிலிருந்தே இவ்வேலை பார்க்க விரும்பும் இளைஞர்க்கு ஒரு வார்த்தை: ஒயரை ஊசியால் குத்தி அளக்காதீர்கள், அந்தத் துளை வழியே நம் ஊர்க் காற்று புகுந்து செம்பைத் தின்னும். மஞ்சள் உறையிட்ட ஏர்பேக் ஒயர்களையும், ஹைப்ரிட், மின்சார வண்டிகளின் ஆரஞ்சு நிறத் தடித்த ஒயர்களையும் பயிற்சி பெற்றோரிடமே விட்டுவிடுங்கள். ப்யூஸ் போனால் அதே அளவுள்ளதைத்தான் போடவேண்டும்.

அடுத்த பௌர்ணமியன்று சந்தில் முழங்காலுக்குக் கீழ்வரை நீர் நின்றது. வண்டி அதைக் கடந்து தோப்பும்படி வரை போய் வந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை. முதலாளி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாராம். நல்லது, கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் சம்பளம் குறைவின்றி வந்தது.

நோட்டு இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. போன வாரம் வலப்பக்கக் கண்ணாடி இருமுறை பாதியில் நின்றதாம். எழுதி வைத்துவிட்டு மூன்றாம் முறைக்குக் காத்திருக்கிறான்.