வெப்பநிலைநிறுத்தித் தலைகளும் பொருத்தப்பாட்டின் பிரச்சினையும்

இயந்திர உறுப்புகளின் அளவுகளை இயற்கை வகுத்த அளவுகளாகக் கருதும் போக்கு பரவலாகக் காணப்படுகின்றது. எனினும், ஒரு புரியின் விட்டமும் உற்பத்தி உறவுகளின் வரலாற்றைத் தன்னகத்தே கொண்டதாகும். குளிர்நாட்டு வீடுகளில் உள்ள தட்டு றேடியேற்றரையும் அதன் வால்வின் மீது அமரும் வெப்பநிலைநிறுத்தித் தலையையும் இவ்வகையில் ஈண்டு நோக்குவோம். 1983 இன் பின்னர் ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, டென்மார்க் முதலிய நாடுகளிற் குடியேறிய எம்மவர் வாடகை வீடுகளில் நாளாந்தம் கையாளும் பொருள் இது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

வால்வும் தலையும் வெவ்வேறு உறுப்புகள் என்பதை முதற்கண் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். வால்வின் உடல் குழாயோடு இணைந்து நீரைத் தாங்குவது. அதன் நுனியில், உள்ளேயுள்ள சுருள்வில்லால் வெளித்தள்ளப்பட்ட சிறு ஊசி ஒன்று உண்டு. தலையினுள்ளே மெழுகு, திரவம், வாயு ஆகியவற்றுள் ஒன்று அடைக்கப்பட்டிருக்கும். அறை வெப்பமடைய அது விரிந்து ஊசியை உள்ளே அழுத்த, நீரோட்டம் குறைகின்றது. அறை குளிர அது சுருங்க, வில் ஊசியை மீளத் தள்ளுகின்றது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. தலையில் உள்ள 3 என்னும் இலக்கம் பொதுவாக 20 பாகை செல்சியஸை அண்மிய நிலையைக் குறிக்கும். ஆகவே, 5 இல் வைத்தால் அறை விரைவாகச் சூடேறும் என்பது தவறான எண்ணமாகும். அது சூடேற்றம் நிற்கும் எல்லையை உயர்த்துகிறதேயன்றி வேகத்தை உயர்த்துவதில்லை.

டென்மார்க்கின் டான்பொஸ் நிறுவனத்தைத் தாபித்த மட்ஸ் கிளவுசன் 1943 இல் இச்சாதனத்தை உருவாக்கினார். எனினும், இதனைப் பரவலாக்கியது கண்டுபிடிப்பன்று, நெருக்கடியேயாகும். 1973 இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து மேற்கு ஜேர்மனி 1976 இல் சக்திச் சேமிப்புச் சட்டத்தையும், 1978 இல் வெப்பமூட்டல் நிறுவல்கள் பற்றிய ஒழுங்குவிதியையும், 1981 இல் வெப்பச் செலவை நுகர்வுக்கேற்பப் பங்கிடும் விதியையும் கொண்டுவந்தது. எரிபொருளின் விலையேற்றம் இவ்வாறு வாடகையாளனின் கைக்கும் கணக்குக்கும் வந்து சேர்ந்தது. மறுபுறம், கிழக்கு ஜேர்மனியின் தொடர்மாடிகள் பலவற்றில் வெப்பம் மலிவாகக் கிடைத்தது. ஆயின் அதனைக் குறைக்கும் வால்வு இருக்கவில்லை. மிகுந்த வெப்பத்தை மக்கள் யன்னலைத் திறந்தே வெளியேற்றினர். உரிமையை வழங்கிய அமைப்பு அதனை ஆளும் கருவியை வழங்கத் தவறியமையை நாம் மறைத்தல் பொருந்தாது.

இனி, பொருத்தப்பாட்டின் பிரச்சினைக்கு வருவோம். தலை பழுதடைந்தால் வால்வு முழுவதையும் மாற்றவேண்டியதில்லை. ஏற்புடைய வேறொரு தலை போதும். ஆயின் எல்லாத் தலைகளும் எல்லா வால்வுகளிலும் அமர்வதில்லை. இன்று மிகப் பரவலாக உள்ளது 30 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடையும் கொண்ட இணைப்பு. ஹைமையர், ஒவன்ட்றொப் முதலிய பல நிறுவனங்களின் வால்வுகளில் இதனைக் காணலாம். ஹேர்ஸ் நிறுவனம் 28 மி.மீ. புரியைப் பயன்படுத்தியது. டான்பொஸ்ஸின் ஆர்.ஏ. வகையில் புரியே இல்லை. அது கௌவிப் பிடிக்கும் கழுத்துடையது. அதன் முந்திய வகைகளிலோ கழுத்தின் விட்டம் 26 மி.மீ. ஆகவோ 34 மி.மீ. ஆகவோ இருந்தது. பயன்மதிப்பின் நோக்கில் இவ்வேறுபாடுகளுக்கு அவசியம் அரிது. ஒருமுறை வால்வை வாங்கியவன் தொடர்ந்தும் அதே நிறுவனத்தின் தலையையே வாங்கவேண்டும் என்பதே பரிவர்த்தனை மதிப்பின் நியாயம்.

றேடியேற்றரின் வணிகப்பெயரை மட்டும் கொண்டு முடிவுசெய்தலும் ஆகாது. வால்வு உள்ளடக்கப்பட்ட தட்டு றேடியேற்றர்களில், அவ்வால்வுச் செருகி பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் ஆக்கமாக இருக்கும். ஆதலால் பழைய தலையைக் கழற்றி, கழுத்தை அளந்து பார்த்தலே நம்பத்தக்க வழி. புரி ஒத்திருப்பினும் ஊசியின் மூடுநிலை உயரம் ஒத்திருத்தல் வேண்டும். பரவலான 30 மி.மீ. வகையில் இது ஏறத்தாழ 11.8 மி.மீ. ஆகும். இணைப்பு வேறுபடுமிடத்து இடைவளையங்கள் உதவும்; அவையும் இவ்வுயரத்தைச் சரிசெய்வனவாக இருத்தல் வேண்டும்.

பொருத்தும் முறை எளிது. நீரை வெளியேற்றத் தேவையில்லை. பழைய தலையை முற்றாகத் திறந்த நிலைக்குத் திருப்பி, புரியுடைய வகையாயின் வளையத்தை இடஞ்சுழியாகக் கழற்றுக. ஊசியைத் தட்டையான பொருளொன்றால் அழுத்துக. அது உட்சென்று தானாக மீளவேண்டும். இறுகியிருப்பின் மெல்ல மெல்ல அழுத்தி இளக்கலாம். குறட்டாற் பற்றி இழுத்தலோ ஆபத்தானது. ஊசி கழன்றால் நீர் வெளிப்பாயும். புதிய தலையையும் 5 இல் வைத்தே பொருத்துதல் வேண்டும்; அந்நிலையில்தான் அது ஊசியோடு மோதாது அமரும். குறி கண்ணிற்படும் பக்கம் நிற்க, வளையத்தைக் கையால் இறுக்குக.

பின்னர் சோதித்தல் இன்றியமையாதது. முற்றாக மூடியும் றேடியேற்றர் ஆறாதாயின் தலை ஊசியைப் போதியளவு அழுத்தவில்லை. முற்றாகத் திறந்தும் சூடேறாதாயின் அது எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கின்றது. இரண்டும் உயரப் பொருத்தமின்மையின் அறிகுறிகளாகலாம். தடித்த திரைச்சீலை தலையை மூடியிருப்பின், அது அறையின் வெப்பத்தையன்றித் தன்னைச் சூழ்ந்த வெப்பத்தையே உணரும். அத்தகைய இடத்துக்குத் தூர உணரியுடைய தலையே உகந்தது. வாடகையாளர் பழைய தலையைப் பேணிவைத்தலும் நன்று. அது வீட்டுரிமையாளரின் உடைமையாகும்.

ஈ.என். 215 என்னும் ஐரோப்பிய நியமம் இச்சாதனங்களின் செயற்றிறனுக்கான தேவைகளை வகுத்துள்ளது. ஆயினும் கழுத்துகள் இன்றும் பலவாகவே உள்ளன. அளவுகள் சமூகத்தின் பொதுவுடைமையாகும் வரை, அவற்றை அறிந்துவைத்திருத்தல் உழைப்பவனின் தற்காப்பாகும். சிறு தலையொன்று பழுதான போது முழு வால்வுக்கும் விலைகொடுக்குமாறு கோரப்படுபவன், அளவை அறிந்திருந்தால் மறுத்துரைக்க முடியும்.