மதிப்புப் பொறியியலில் முறை தேர்தல்

வண்டலூரினின்று வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையிலே ஒரகடத்தைக் கடப்போர் பெரிய தொழிற்சாலைகள் பலவற்றைக் காண்பர். 2012-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டைம்லர் லாரித் தொழிற்சாலை அவற்றுள் ஒன்று. தரம் குன்றாமற் செலவைக் குறைப்பது எங்ஙனம் என்பது இத்தகைய பெருந்தொழில்களில் ஓயாது எழும் வினாவாம்.

அதற்கு விடை தேடிய கலையே மதிப்புப் பொறியியல். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிற் பணியாற்றிய லாரன்ஸ் மைல்ஸ் என்பார் 1947-இல் இதனை வகுத்தார். உலகப் போரின்போது வேண்டிய பொருள்கள் கிட்டாமையால், "அப்பொருள் செய்யும் வேலை யாது? அதனை வேறெது செய்யும்?" என்று ஆராயும் வழக்கம் ஆங்கு தோன்றியிருந்தது. வேலையைச் செலவோடு ஒப்பிட்டுக் காண்பதே மதிப்பு. காஞ்சிபுரப் பட்டில் வெள்ளிச் சரிகை ஒளி தருவதோடு, பழம்புடைவைக்கும் ஒரு விலையைத் தருகின்றது. செம்புச் சரிகையிட்டாற் செலவு குறையும். இரண்டாவது வேலை ஒழிந்துபோம். அது மலிவேயன்றி மதிப்பன்று.

இக்கலையிலும் முறைகள் பல. வழக்கத்திலுள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து திருத்துவது ஒன்று. வரைபட நிலையிலேயே வேலைகளைப் பகுத்து உறுப்பைப் புதிதாக அமைப்பது மற்றொன்று. எதனைக் கொள்வது? பல அளவுகோல்களை வைத்துத் தேர்வதே தக்கது. ஒரு கற்பனைக் கணக்குக் காண்போம். விரைவு, சேமிப்பு, பாதுகாப்பு என்னும் மூன்றில் முதன்முறை பெறும் மதிப்பெண் முறையே 8, 4, 5 என்க; இரண்டாம் முறை பெறுவது 3, 9, 8. அவற்றின் நிறை 5, 3, 2 ஆயின் முதன்முறை 62-உம், மற்றது 58-உம் பெறும். நிறையை 2, 4, 4 என்று மாற்றினாலோ 52-உம் 74-உம் ஆகித் தீர்ப்பே தலைகீழாகும்! மதிப்பெண் ஒன்றும் மாறவில்லை என்பதை நோக்குக. விரும்பிய விடையை முன்னரே மனத்திற் கொண்டு நிறையைப் பின்னர் அமைப்பாரும் உளர். ஆதலின் முறைகளைப் பார்க்குமுன்னரே நிறையை எழுதி வைத்தல் வேண்டும்.

நிறையை அறிதற்கு 1970-களில் தாமஸ் ஸாட்டி ஒரு வழி காட்டினார். அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, எது எத்துணை மடங்கு முக்கியமென 1 முதல் 9 வரை எண் இடுவதே அது. விரைவினும் சேமிப்பு பெரிது, சேமிப்பினும் பாதுகாப்பு பெரிது என்றவர் பாதுகாப்பினும் விரைவே பெரிது என்பாராயின், அம்முரண்பாட்டை இவ்வழி எண்ணாற் காட்டிவிடும்.

ஆயினும் கூட்டற் கணக்கிற் குறையொன்றுண்டு. பாதுகாப்பில் இழந்ததைச் சேமிப்பில் ஈட்டிக்கொள்ள அஃது இடங்கொடுக்கும். லாரியின் பிரேக்கு உறுப்பில் இவ்வீடு செல்லாது. அங்கே பாதுகாப்புக்கு ஒரு கீழெல்லை வகுத்து, அதனை எட்டாத யோசனையைக் கணக்கிற் சேர்க்காமலே தள்ளிவிடுதல் வேண்டும்; அவ்வெல்லையை வகுக்கும் கூட்டத்திற் கணக்கரோடு உறுப்பைச் சோதிப்பவரும் வண்டியைப் பழுது பார்ப்பவரும் அமர்தல் வேண்டும்.