விலையின்றிக் கிடைக்கும் நல்ல மென்பொருள்கள்

கணினி வாங்குவதும் இக்காலத்திற் பிள்ளைகளின் கல்விச் செலவுகளுள் ஒன்றாகிவிட்டது. மலையகத்துப் பெற்றோர் பலர் சீட்டுப் பணத்தைக் கொண்டோ, நகையை அடகு வைத்தோ அதனை வாங்குகின்றனர். அதுவும் பெரும்பாலும் பிறர் பாவித்த பழைய கணினியே. அது வீட்டுக்கு வந்த பின்னரே, அதனை இயக்கும் மென்பொருள்களுக்கும் தனி விலை உண்டென்பது தெரியவருகின்றது. அந்நிலையிற் கடைக்காரர் பதிந்து கொடுக்கும் திருட்டுப் பிரதியோடு பலரும் அமைந்துவிடுகின்றனர்.

இதனால் விளையும் கேடுகள் இரண்டு. கணினி நிரல்களும் நூல்களைப் போலப் பதிப்புரிமை உடையன என்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் விதி. ஆதலால் அனுமதியின்றிப் பிரதி செய்வது சட்ட மீறலாகும். மேலும், திருட்டுப் பிரதியின் பூட்டைத் திறப்பதற்காக வழங்கப்படும் சிறு நிரல்கள் பலவற்றில் வைரசுகள் ஒளிந்துள்ளன. பரீட்சைக்காகத் திரட்டிய குறிப்புகள் யாவும் ஒரே இரவில் அழிந்துபோக இஃதொன்றே போதும்.

இவ்விரு கேடுகளுக்கும் மாற்று ஒன்று உண்டு. அதுவே கட்டற்ற மென்பொருள்.

இலவசமும் சுதந்திரமும்

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பணியாற்றிய றிச்சர்ட் ஸ்ரோல்மன் என்பார், 1983ஆம் ஆண்டில் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பாவிக்கவும், அதன் உள்ளமைப்பைக் கற்கவும், திருத்தவும், பிறருக்குப் பிரதி செய்து கொடுக்கவும் யாவர்க்கும் உரிமை வேண்டும் என்பதே அவர் கொள்கை. பின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோவால்ட்ஸ், 1991ஆம் ஆண்டில் 'லினக்ஸ்' என்னும் கருவை ஆக்கி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து, பல நாட்டவர் உழைப்பால் வளர்ந்து, இன்று உலகெங்கும் பயன்படுகின்றன.

நம் நாடும் இத்துறையிற் பின்தங்கி நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்தபோது, இலங்கையின் நிரலாளர்கள் தொண்டர்களாகக் கூடி 'சகன' என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோரைத் தேடவும், முகாம்களின் தேவைகளைப் பதியவும் அது உதவிற்று. கட்டற்ற மென்பொருளாக அதனை வெளியிட்டமையாற் பிற நாடுகளும் தத்தம் இடர்க்காலங்களில் அதனைப் பயன்படுத்தின.

மாணவர்க்கு வேண்டியவை

கட்டுரை எழுதவும், கணக்குத்தாள் ஆக்கவும், விளக்கப்படங்கள் அமைக்கவும் 'லிப்ரே ஒபிஸ்' என்னும் தொகுதி போதுமானது. 2010 முதல் வெளிவரும் இது, மைக்ரோசொப்ற் வேர்ட் கோப்புகளையும் திறக்கும். இதன் கட்டளைகளைத் தமிழிலேயே அமைத்துக்கொள்ளலாம். இணையத்தைப் பார்க்க 'பயர்பொக்ஸ்', பாடக் காணொளிகளைக் காண 'வீ.எல்.சீ.', படங்களைத் திருத்த 'கிம்ப்' ஆகியனவும் இவ்வகையினவே. 'ஸ்ரெல்லேரியம்' என்பது விண்மீன்களைத் திரையிற் காட்டும் மென்பொருள். முகில் மூடிய நம் மலைகளிலுள்ள பிள்ளைகளுக்கு அது நல்விருந்து.

தமிழில் எழுதுவோர் 'யுனிகோட்' முறையையே கைக்கொள்ளல் வேண்டும். 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் எழுதியது, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். யுனிகோட்டில் எழுதியதோ இக்காலக் கணினிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் தமிழாகவே தோன்றும்.

பழைய கணினிக்கு வழி

மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழமையான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. அதற்காக நல்ல கணினியைக் குப்பையில் எறிய வேண்டுவதில்லை. 'லினக்ஸ் மின்ற்' என்னும் பணிசெயல் முறைமையின் 'எக்ஸ்.எவ்.சீ.ஈ.' பதிப்பு, 2 ஜிகாபைற் நினைவகம் உள்ள கணினியிலும் இயங்கும். 4 ஜிகாபைற் இருப்பின் இலகுவாக இயங்கும். பென் டிரைவ் ஒன்றிற் பதிந்து, கணினியில் உள்ளவற்றை மாற்றாமலே முதலில் இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறியும் இணைய இணைப்பும் செவ்வனே இயங்குகின்றனவா என்பதை அப்பொழுதே அறிந்து கொள்க. நிலையாகப் பதிவதாயின், கோப்புகள் அனைத்தையும் முன்னரே வேறிடத்திற் பிரதி செய்துவைத்தல் மிக அவசியம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

மென்பொருளை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே அதனைப் பெறுக. இவற்றுக்குப் பணம் கேட்கும் போலித் தளங்களும் உள்ளன.

கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகளில் வாழ்வோர்க்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இடி முழங்கத் தொடங்குமுன் கணினியின் மின்செருகியைக் கழற்றிவிடுக. மின்சாரம் திடீரென நின்றாலும் எழுதியது அழியாதிருக்க, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே சேமிக்கும் வசதியை லிப்ரே ஒபிசில் அமைத்துக்கொள்க. முக்கியமான கோப்புகளுக்கு எப்பொழுதும் இரண்டாவது பிரதி ஒன்று இருக்கட்டும்.

இணையத்திலிருந்து பெரிய மென்பொருளொன்றைத் தரவிறக்கும் செலவு, தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சிறிதன்று. ஆயினும் கட்டற்ற மென்பொருளை ஒருவர் ஒருமுறை பெற்றாற் போதும். பாடசாலையிலோ நண்பர் வீட்டிலோ பெற்ற அப்பிரதியைப் பென் டிரைவில் எடுத்துச்சென்று லயத்திலுள்ள எல்லா வீடுகளுக்கும் கொடுக்கலாம். ஏனைய மென்பொருள்களிற் குற்றமாகும் அச்செயல், இங்கே உரிமையாகும். ஆகவே, இவற்றை அறிந்த ஆசிரியரும் மூத்த மாணவரும் தாம் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பதிந்து கொடுத்துப் பழக்கிவிடுவார்களாக.